வாடகை ஒரு சொல், அதன் பின்னால் வேறொரு சொல்

சற்று நீண்ட பதிவு. பெருநகரம் ஒன்றில் வீடு தேடிக்கொண்டிருப்பவர்களும் தேடப்போகிறவர்களும் பொறுமையோடு படித்தால் ஓரளவு பயன்படும் என நம்புகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வுக்குத் தில்லியிலும் பெங்களூரிலும் இடம் கிடைத்திருக்கும் தங்கை ஒருத்தி சென்ற மாதம் எனக்கு எழுதியிருந்தாள். இரண்டு இடங்களிலும் விடுதி அறை உறுதியில்லை. நகரங்களின் வீட்டு வாடகையை ஒப்பிடும் அட்டவணை ஒன்றை அனுப்பி, "அக்கா, எது மலிவு?" என்று கேட்டிருந்தாள். அட்டவணையில் மும்பை, தில்லி, பெங்களூரு, சென்னை, கொல்கத்தா என ஐந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒரே ஓர் எண். அந்த எண்கள் தவறானவை அல்ல. ஆனால் அவற்றை மட்டும் வைத்து முடிவெடுத்தால் அவள் இடறுவாள் என்பது எனக்குத் தெரியும். என் ஆய்வுத்தோழன் ஒருவன் அப்படி இடறியதை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

அவன் தில்லியில் பிறந்து வளர்ந்தவன். ஆய்வுத்திட்டம் ஒன்றில் பணி கிடைத்துப் பெங்களூரு சென்றான். வாடகை 12,000 ரூபாய். பத்து மாத 'அட்வான்ஸ்' கேட்டார் வீட்டுக்காரர். அண்ணனிடம் கடன் வாங்கி 1,20,000 ரூபாயைக் கட்டிவிட்டு, இனிப் பத்து மாதத்துக்கு வாடகைக் கவலை இல்லை என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டான். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் கதவைத் தட்டி வாடகை கேட்டார். இரவு எனக்கு அழைப்பு வந்தது. "ஏமாந்துவிட்டேன்" என்றான். ஏமாற்றம் ஏதும் நிகழவில்லை. தில்லிப் பேச்சில் 'அட்வான்ஸ்' என்பது முன்கூட்டிச் செலுத்தும் வாடகை; திரும்பி வரும் தொகைக்கு அங்கே 'செக்யூரிட்டி' என்று பெயர். பெங்களூரிலும் சென்னையிலும் 'அட்வான்ஸ்' என்றாலே வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் தொகைதான். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசியிருக்கிறார்கள். ஒரே சொல்லைத்தான் ஆண்டிருக்கிறார்கள். கடனையும் அடைத்து வாடகையும் கொடுக்க இயலாமல், அந்தச் சிறு வீட்டில் மேலும் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஓராண்டைக் கழித்தான் அவன்.

மொழியியல் படித்தவளாகையால் அன்றிலிருந்து ஒவ்வொரு நகரத்தின் வாடகைச் சொற்களையும் குறித்துவைக்கும் பழக்கம் வந்தது. குறிப்புகள் சேரச் சேர ஒன்று தெளிவாயிற்று. 'வாடகை' என்னும் சொல் எல்லா நகரங்களிலும் ஏறத்தாழ ஒன்றேதான். அதன் பின்னால் ஒவ்வொரு நகரமும் தனக்கே உரிய இன்னொரு சொல்லை வைத்திருக்கிறது. அட்டவணைகள் முதற்சொல்லை மட்டும் ஒப்பிடுகின்றன. வாடகைக்காரரின் உண்மைச் செலவும், அந்நகரத்தின் நூறாண்டு வரலாறும் இரண்டாம் சொல்லுக்குள் இருக்கின்றன.

1. ஒரே சொற்குடும்பம்

தமிழில் வாடகை, மலையாளத்தில் வாடக, கன்னடத்தில் பாடிகெ, மராத்தியில் பாடே, குஜராத்தியில் பாடும், வங்காளத்தில் பாடா. இவை அனைத்தும் வடமொழியின் 'பாடக' என்னும் ஒரே மூலத்தோடு தொடர்புடையவை. தெலுங்கின் 'அத்தெ' இக்குடும்பத்தைச் சேராதது. இந்தியும் உருதும் வழங்கும் 'கிராயா' அரபு மொழியிலிருந்து வந்தது. தமிழிலும் பழைய பேச்சில் 'குடிக்கூலி' என்ற சொல் இருந்தது. சென்னைப் பகுதி முதியோர் இன்றும் 'குடக்கூலி' என்பர். வண்டிக்கும் வாடகை, பாத்திரத்துக்கும் வாடகை. ஆனால் குடிக்கூலி என்பது குடியிருப்பதற்கு மட்டுமே. வாடகைக்கு இருப்பவரைத் தமிழ் 'குடித்தனக்காரர்' என்கிறது. வீடு யாருடையதாயினும் குடித்தனம் அவருடையது என்ற எண்ணம் அச்சொல்லில் உறைந்திருக்கிறது. கிராயாவைக் கொண்டு இந்தி ஆக்கிய 'கிராயேதார்', பாடிகெயைக் கொண்டு கன்னடம் ஆக்கிய 'பாடிகெதார' ஆகிய சொற்களில் அந்த எண்ணம் இல்லை.

முதற்சொல் இவ்வளவு ஒத்திருப்பதால்தான் நகரங்களை ஒப்பிடுவது எளிது என்னும் மயக்கம் பிறக்கிறது. அரசாங்கமே இம்மயக்கத்துக்கு விலக்கன்று. நடுவணரசு ஊழியர்களுக்கான வீட்டு வாடகைப்படி, மக்கள்தொகை 50 லட்சத்தைக் கடந்த எட்டு நகரங்களை 'எக்ஸ்' என்று ஒரே வகையில் அடக்கியிருக்கிறது: தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புணே. மும்பையில் வேலை பார்ப்பவருக்கும் அகமதாபாத்தில் வேலை பார்ப்பவருக்கும் ஒரே விழுக்காடு. மறுபுறம், 1962ஆம் ஆண்டு வருமானவரி விதிகள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்னும் நான்கிலும் குடியிருப்போருக்கு மட்டும் வாடகைப்படி விலக்கின் உச்சவரம்பைச் சம்பளத்தில் 50 விழுக்காடாக வைத்தன. ஏனைய ஊர்களுக்கு 40. தகவல் தொழில்நுட்பம் பெருகி வாடகை ஏறிய பின்னும் நெடுங்காலம் பெங்களூரு அந்த 40 விழுக்காட்டிலேயே இருந்தது. ஒரே அரசின் இரு கைகள் ஒரே நாட்டின் நகரங்களை இரு வேறு வகையாக அளந்திருக்கின்றன. முதலாவது மக்கள்தொகையைப் பார்த்தது, இரண்டாவது பழைய மாநகரங்களின் பெருமையைப் பார்த்தது. வீட்டைப் பார்த்தது இரண்டும் இல்லை.

2. பம்பாயின் 'பகடி'

தமிழில் பகடி என்றால் கேலி. மும்பையில் அது தலைப்பாகை. வாடகை வீடொன்றில் குடியேறும் உரிமைக்காகக் கொடுக்கும் பெருந்தொகைக்கு அங்கே அதுவே பெயர். அந்தச் சொல் எப்படி வந்தது என்பதை அறிய 1896க்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. நெரிசலான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசு, 1898இல் நகரச் சீர்திருத்த அறக்கட்டளையை நிறுவியது. பழைய குடியிருப்புகள் இடிபட்டன. தாதர், மாட்டுங்கா போன்ற புதிய பகுதிகள் வகுக்கப்பட்டன. ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்த ஆலைத் தொழிலாளர்களால் புதிய பகுதிகளின் வாடகையைக் கொடுக்க இயலவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் தட்டுப்பாடு முற்றி வாடகை ஏறியபோது, 1918இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. போர்க்கால நடவடிக்கை என்பது அதன் பெயரிலேயே இருந்தது. 1920இல் தோன்றிய பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய 'பி.டி.டி. சால்'கள் அக்காலத் தட்டுப்பாட்டின் சான்றாக இன்றும் பேசப்படுகின்றன.

இரண்டாம் போர் மீண்டும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாள் ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ அதையே 'நிலை வாடகை' என்று பொதுவாக நிறுத்திவைத்தது. தற்காலிகமாக இயற்றப்பட்ட அச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு வாழ்ந்தது. விலைவாசி ஏறியது, அரிசி ஏறியது, கூலி ஏறியது. அந்த வீடுகளின் வாடகை மட்டும் 1940இலேயே நின்றது.

விளைவுகள் இரண்டு. முதலாவது, பழுதுபார்ப்பு நின்றது. வரும் வாடகை சுண்ணாம்புக்கே போதாதபோது எந்த உரிமையாளரும் தூணை மாற்றமாட்டார். கட்டடங்கள் மழைக்காலந்தோறும் சரியத் தொடங்கின. 1969இல் அரசே ஒரு வாரியம் அமைத்து, தீர்வை வசூலித்துப் பழுதுபார்க்க முன்வந்தது. அப்போது தீவுநகரில் அதன் கீழ் வந்த கட்டடங்கள் 19,642. இரண்டாவது விளைவுதான் பகடி. வாடகையாகப் பெற முடியாத மதிப்பு வேறு வழியில் வெளிப்பட்டது. வெளியேறும் குடித்தனக்காரர் தம் குடியுரிமையை உள்ளே வருபவருக்கு 'விற்றார்'; அத்தொகையில் ஒரு பங்கு உரிமையாளருக்குச் சென்றது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமென்றது. ஊர் முழுக்க அறிந்தே அந்தக் குற்றம் நடந்தது.

குடிவந்தவரை வெளியேற்ற முடியாது என்ற அச்சத்தில் புதிய வீட்டுக்காரர்கள் வாடகை ஒப்பந்தத்தையே தவிர்த்து, 'லீவ் அண்டு லைசென்ஸ்' என்னும் அனுமதி ஒப்பந்தத்துக்கு மாறினர். 1973இல் சட்டம் அதையும் தொட்டு, அவ்வாண்டு பிப்ரவரி முதல் நாளன்று அனுமதியின்பேரில் குடியிருந்தோரையும் வாடகைதாரராக்கியது. அதன் பிறகு பூட்டியே வைப்பது நலம் என்று எண்ணியோர் பெருகினர். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாடகையை உறையவைத்த பிரிவுகள் நியாயமற்றவை ஆகிவிட்டன என்றது. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வுக்கு இடமளித்தது. பகடியையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

ஆகவே மும்பையின் 'சராசரி வாடகை' என்பது யாரும் கொடுக்காத ஓர் எண். ஒரே தெருவில் பழைய கட்டடத்தில் சில நூறு ரூபாய் வாடகையும், எதிர்க்கட்டடத்தில் அதைப்போல நூறு மடங்கு வாடகையும் அருகருகே வாழ்கின்றன. புதிதாய் வருபவருக்கு முதல் வகை கிடைக்காது. அதன் செலவையும் சேர்த்து இரண்டாம் வகையில் அவர் கொடுக்கிறார்.

3. கல்கத்தாவின் 'சலாமி', தில்லியின் 'செந்நிறக் கோடு'

கல்கத்தாவில் பகடியின் உடன்பிறப்புக்குச் 'சலாமி' என்று பெயர். வணக்கம் சொல்லிக் கொடுப்பது. 1920இலேயே அங்கு வாடகைச் சட்டம் வந்துவிட்டது. விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக 1997ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. அந்நகரத்துக்கே உரிய மற்றொரு சொல் 'டிக்கா'. நிலம் ஒருவருடையது, அதை வாடகைக்கு எடுத்துக் குடிசை எழுப்பியவர் வேறொருவர், அக்குடிசையில் வாடகைக்கு வாழ்பவர் மூன்றாமவர். பஸ்திகளின் இந்த மூவடுக்கு உறவை ஒழுங்குசெய்ய 1949இல் தனிச்சட்டமே இயற்றினர். 1981இல் அந்நிலங்களை அரசு தன்வயமாக்கியது. கொல்கத்தா மலிவான நகரம் என்று அட்டவணைகள் சொல்வதில் உண்மை உண்டு. தலைநகரம் 1911இல் கைநழுவியதும், பிற்பாடு தொழில்கள் தேய்ந்ததும் அம்மலிவின் பின்னணியில் இருக்கின்றன. மலிவு எப்போதும் நற்செய்தி அன்று. வேலை குறைந்த இடத்தில் வாடகையும் குறையும்.

தில்லியின் கதை வேறு. 1947 பிரிவினையில் வந்து குவிந்த ஏதிலியர், விரிந்துகொண்டே சென்ற அரசு அலுவலகங்கள் ஆகிய இரண்டுக்கும் நடுவே 1958ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1988இல் அதில் ஒரு திருத்தம்: மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அன்று 3,500 பெரிய தொகை. வசதியானவர்களுக்குப் பாதுகாப்பு எதற்கு என்பதே நோக்கம். அந்த எண் இன்றும் மாறவில்லை. இன்று ஓர் ஒற்றை அறையைக்கூட அத்தொகைக்குக் காண்பது அரிது. அதாவது, செல்வருக்கென வகுத்த விலக்கு காலத்தின் நகர்வால் ஏழை மாணவர் வரை வந்துவிட்டது. மறுபுறம், பழைய வணிக வட்டாரங்களில் பெயரளவு வாடகையில் இருந்த கடைகளுக்குப் பாதுகாப்பு தொடர்ந்தது. 1995இல் நாடாளுமன்றம் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். வணிகர்களின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வரவே இல்லை.

மாணவர்களுக்கு உண்மையில் இடமளித்தது சட்டம் அன்று, ஒரு கோடு. கிராமக் குடியிருப்பைச் சுற்றி வருவாய்த்துறை வரைபடத்தில் இட்ட செந்நிறக் கோட்டுக்கு 'லால் டோரா' என்று பெயர். 1908 முதல் வழங்கும் சொல் இது. நகரம் வளர்ந்தபோது கோட்டுக்கு வெளியே இருந்த விளைநிலங்கள் அரசால் எடுத்துக்கொள்ளப்பட்டன. கோட்டுக்குள் இருந்த வீடுகள் கிராமத்தாரிடமே நின்றன. நகரத்தின் கட்டட விதிகள் அங்கே நெடுங்காலம் செல்லவில்லை. நிலம் இழந்த உழவர்கள் எஞ்சிய மனையில் மாடிமேல் மாடி எழுப்பி அறைகளாக்கினர். முனிர்க்கா, பேர்சராய், கட்வாரியாசராய் ஆகியவை இப்படித்தான் மாணவர் குடியிருப்புகளாயின. வெயில் நுழையாத, காற்று திரும்பாத அந்த அறைகளின் குறைந்த வாடகைதான் பல்கலைக்கழகங்களுக்கு அருகே பல தலைமுறை ஆய்வாளர்களைத் தாங்கியது. என்னையும் தாங்கியது. அதன் மின்கட்டணம் தனிக்கணக்கு. அரசு வீதத்தைவிடக் கூடுதலாக, வீட்டுக்காரரின் உபமானிக்கு அவர் சொல்லும் வீதம். எந்த அட்டவணையிலும் அந்த வரி இல்லை.

4. சென்னையின் 'ஒண்டுக்குடித்தனம்'

சென்னையிலும் கட்டுப்பாடு போரோடு வந்தது. 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிறந்த ஆணை, 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960இல் நிலைபெற்றது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழ்ந்த 'ஸ்டோர்' வீடுகளும், ஒரு வீட்டின் பகுதியில் ஒடுங்கி வாழ்ந்த 'ஒண்டுக்குடித்தன'மும் அக்காலத்தின் சொற்கள். ஒண்டுதல் என்றால் ஒதுங்கிப் பதுங்குதல். குடித்தனம் என்ற பெருமிதச் சொல்லுக்கு முன்னால் அந்த ஓர் அடைமொழி எவ்வளவைச் சொல்லிவிடுகிறது! குழாயடி ஒன்று, கழிப்பறை ஒன்று, விளக்கணைக்கும் நேரம் வீட்டுக்காரர் சொல்வது. தனியாட்களுக்கோ திருவல்லிக்கேணி 'மேன்ஷன்'கள்.

தில்லியின் 3,500 ரூபாயோடு ஒப்பிடத்தக்க ஒரு நிகழ்வு இங்கே உண்டு. 1960ஆம் ஆண்டுச் சட்டம், மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. 1986இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் சமத்துவத்துக்கு முரணானது என்று நீக்கியது. குடியிருப்போருக்கு மட்டும் வரம்பு வைத்து, வணிக இடங்களுக்கு வரம்பின்றிப் பாதுகாப்பு அளிப்பது எப்படிச் சரியாகும் என்பது அவ்வழக்கின் வினாக்களில் ஒன்று. ஆக, ஒரே காலத்தில் ஒரு நகரத்தில் வரம்பு விழுந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து மற்றொரு நகரத்தில் வரம்பு எழுந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும். வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அந்த 'ஆனால்' எவ்வளவு அகலமான கதவு என்று. சென்னைக்கு வேறொரு மறைசெலவும் உண்டு: தண்ணீர். 2019 கோடையில் வாடகையைவிடத் தண்ணீர் லாரிக் கணக்கே பெரும்பேச்சாக இருந்தது. ஆழ்குழாய்க் கிணறு வற்றாத தெரு எது என்பதை அறியாமல் சென்னை வாடகையை ஒப்பிடுவது அரைக்கணக்கு.

5. பெங்களூரின் 'போக்கியம்'

பெங்களூரையும் 1898இல் கொள்ளைநோய் தாக்கியது. அங்கே அதன் விளைவு மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய திறந்த மனைப்பகுதிகள். 1945இல் அமைந்த நகரச் சீர்திருத்த அறக்கட்டளை வாரியமும், 1976இல் அதன் இடத்துக்கு வந்த வளர்ச்சி ஆணையமும் நகரத்தை மனை மனையாகப் பிரித்துக் கொடுத்தன. பொதுத்துறை ஆலைகளின் ஊழியர்களும் அரசு அலுவலர்களும் சிறுமனை வாங்கி வீடு கட்டினர். மென்பொருள் நிறுவனங்கள் வந்தபோது அதே மனையின் மேல் மாடிகள் எழுந்தன: கீழே உரிமையாளர், மேலே குடித்தனங்கள். பம்பாயின் கட்டட முதலாளி அல்ல இவர். பணி ஓய்வு பெற்ற ஒருவர். மாடி கட்டும் முதலுக்கு அவர் நாடிய எளிய வழிகளில் ஒன்று குடிவருபவரின் பெரிய முன்பணம். பத்து மாத அட்வான்ஸ் என்னும் வழக்கத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது வாடகைதாரர் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்.

அவ்வழக்கத்தின் முழுவடிவம் 'லீஸ்' அல்லது 'போக்கியம்'. பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்தால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு வாடகையே இல்லை. வெளியேறும்போது முழுத்தொகையும் திரும்பும். தமிழ்நாட்டில் இதை 'ஒத்தி' என்போம். ஒற்றி என்னும் அதன் மூலவடிவம் பக்தி இலக்கியத்திலேயே உண்டு. தென்கொரியாவின் 'சொன்சே' முறையும் இதே அமைப்புடையது. வட்டியை வாடகையாகக் கழிக்கும் இவ்வேற்பாட்டில் மாத வாடகை சுழியம் என்பதால் அட்டவணைகளில் இதற்கு இடமே இல்லை. கையில் பணம் உள்ளவருக்கு இது மலிவு. உரிமையாளர் கடனில் மூழ்கினால் முழுமுதலும் ஆபத்தில்.

சட்டம் இங்கே எங்கே? 1999ஆம் ஆண்டுக் கர்நாடக வாடகைச் சட்டமும் பெருநகரில் 3,500 ரூபாய் வரம்பையே வைத்தது. ஆகவே பெங்களூரின் வீடுகளில் மிகப்பெரும்பாலானவை அதற்கு வெளியே, வழக்கத்தின் ஆட்சியில் இருக்கின்றன.

6. தங்கைக்கான கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். இரு நகரங்களிலும் வாடகை 20,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இருவராகவோ மூவராகவோ பகிரும் வீடு. இரண்டு ஆண்டு குடியிருப்பு. தரகும் ஆண்டு உயர்வும் இரண்டிலும் இல்லை எனக் கொள்வோம். வங்கி வட்டி 7 விழுக்காடு.

தில்லியில் ஒரு மாதச் செக்யூரிட்டி. 20,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி இழப்பு 1,400. மாதம் 117 ரூபாய். உண்மை வாடகை 20,117.

பெங்களூரில் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ். 2,00,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி இழப்பு 14,000, மாதம் 1,167. வெளியேறும்போது வண்ணப்பூச்சுக்கென ஒரு மாத வாடகை கழிப்பர். 24 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 833. உண்மை வாடகை 22,000.

மாதக்கணக்கில் வேறுபாடு 1,883 ரூபாய். இதுவே சிறியதன்று. ஆனால் என் தங்கையைத் தடுக்கப்போவது அது இல்லை. சாவி கையில் விழும் நாளில் தில்லியில் 40,000 ரூபாய் வேண்டும், பெங்களூரில் 2,20,000. வேறுபாடு 1,80,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நாடெங்கும் ஒரே தொகை. அதன் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும் என்பதை ஆய்வாளர்கள் அறிவோம். அதுவரை அந்த 2,20,000 யாரிடமிருந்து வரும்? பெற்றோரிடம் இருந்தால் அவர்களிடமிருந்து. இல்லையெனில் கடன். கடனும் இல்லையெனில் இடம் கிடைத்தும் போக முடியாது. இரண்டு நகரங்களும் அட்டவணையில் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இன்று பெங்களூரில் ஐந்து, ஆறு மாத அட்வான்ஸுக்கு ஒப்புவோர் பெருகியிருக்கின்றனர். 2021 ஜூனில் நடுவண் அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதமே உச்சவரம்பு என்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலங்கள் ஏற்றாலன்றி உயிர்பெறாது.

எண்ணில் அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வாடகை எவ்வளவு என்பதற்கு முன்பே, யாருக்கு என்ற கேள்வி வந்துவிடுகிறது. மும்பையின் அடுக்ககக் கூட்டுறவுகள் தொடக்கத்திலிருந்தே சமூகவாரியாக எழுந்தவை. 1915இல் காம்தேவியில் தோன்றிய சாரஸ்வதர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் முன்னோடி. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்னும் விதியை ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் எட்டாத இடங்களில் சமையலறை வாசனையும், பெயரும், ஊரும், திருமணமாகாத நிலையும் கேள்விகளாகின்றன. "சைவமா?" என்ற ஒற்றைச்சொல்லில் சாதி விசாரணை முடிந்துவிடுவதைச் சென்னையில் கேட்டிருக்கிறேன். தில்லியில் வடகிழக்குத் தோழிகள் அதே அறைக்கு எங்களைவிடக் கூடுதல் வாடகை கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டின் வாடகை அனைவருக்கும் ஒன்றே என்று கருதும் அட்டவணை, கதவு அனைவருக்கும் திறக்கும் என்று முன்கூட்டியே கருதிக்கொள்கிறது.

இத்தனைக்கும் வீடுகள் இல்லாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. நகர வீடுகளில் வாடகை வீடுகளின் பங்கு 1961இல் 54 விழுக்காடு, 2011இல் 28. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இவ்வெண்களைத் தந்து, காலி வீடுகளில் மும்பை முதலிடம் என்றும் சொன்னது. ஒரு நூற்றாண்டுக்கு முன் குடித்தனக்காரரைக் காக்க வந்த சட்டம், உள்ளே இருந்தவரை மட்டும் காத்து, வெளியே நிற்பவரை மறந்தது. அதைத் தளர்த்திய சட்டம் உரிமையாளரின் அச்சத்தைப் போக்கியது. வெளியே நிற்பவரிடம் இன்னும் வந்து சேரவில்லை.

தங்கைக்கு நான் எழுதிய விடை சுருக்கமானது. எந்த நகரம் மலிவு என்று கேட்காதே. முதல்நாள் எவ்வளவு, கடைசிநாள் எவ்வளவு கழிப்பார்கள், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் யார் கணக்கு, இந்த மூன்றையும் கேள். 'அட்வான்ஸ்' என்று அவர்கள் சொன்னால், "திரும்பி வருமா?" என்று கேட்டு, வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. அவள் தில்லிக்கு வருவதாக முடிவுசெய்திருக்கிறாள். மலிவு என்பதால் அன்று. அந்த முதல்நாள் தொகை அவளால் முடியும் என்பதால். அவளுக்குப் பிடித்த நெறியாளர் பெங்களூரில் இருக்கிறார் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

உங்கள் நகரத்தில் வாடகைக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டாம் சொல் எது? ஐதராபாத், புணே, அகமதாபாத், கொச்சி நண்பர்கள் எழுதினால் என் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்வேன். அடுத்து வீடு தேடும் ஒருவருக்கு அது பயன்படும்.